வெயிலில் வற்றும் லித்தியம்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் எங்கள் ஷேர் ஆட்டோ பஞ்சராகி நிற்கிறது. பக்கத்துப் பட்டறையில், பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த லித்தியம் உப்புநீர் தார்ப்பாய் விரித்த தொட்டிகளில் வெயிலில் வற்றிக்கொண்டிருக்கிறது. மகளுக்குத் தாகம்.

"அந்தக் கொயாய்ல புடிச்சிக்கம்மா, போர் தண்ணி," என்கிறார் தொட்டியைக் கிளறும் ஊழியர்.

"இந்த உப்புநீர் நிலத்துக்குள்ள இறங்காதா அண்ணா?"

"தார்ப்பாய் போட்டுகீதும்மா. ஒரு சொட்டு எறங்குனா மொதலாளி என் தோல உரிச்சிடுவாரு!"

"நீங்களும் அந்த போர் தண்ணிதான் குடிக்கிறீங்களா?"

"நமக்கு இன்னாம்மா, கேன் தண்ணி வந்துடுது."

வெள்ளந்தியாகத்தான் சொல்கிறார். நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ? அவர் மனம் நோகக் கூடாதென்று பாட்டிலை நிரப்பி நன்றி சொல்கிறேன்.

ஆட்டோ கிளம்பியதும் மகள் தண்ணீர் கேட்டு அழுகிறாள். ஆவடி வரட்டும், கடையில் வாங்கித் தருகிறேன் என்று பாட்டிலின் மூடியை இறுக்குகிறேன்.