பிக்கப் ஒரிஜினலா, பாஸ்?

காது இல்லாமல் கேட்கும். வாய் இல்லாமல் சொல்லும். பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. தலைக்கு மேல் ஓர் இரும்புக் கம்பி மயிரிழை அசைந்தால் உடனே சேதி அனுப்பிவிடும். அது என்ன?

விடை: மின்சாரக் கிட்டாரின் பிக்கப். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றி, தந்திகளுக்கு அடியில் பொருத்தியிருப்பார்கள். தந்தி அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதை அம்பிளிபயர் சத்தமாக்கும். அவ்வளவுதான் சங்கதி. அந்த அவ்வளவுக்குள் எத்தனை பொய் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பதுளை பஜாரில், ஒரு ரேடியோ கடையில், எனக்கு வாய்த்த தொழில்.

இலங்கையில் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. புதுப் பிக்கப் எங்கும் கிடையாது. தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் இசைக்குழு முளைத்திருந்ததால், இருக்கிற பழைய பிக்கப்புகளே கை மாறி, ஊர் மாறி, கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். "ஒரிஜினலா, பாஸ்?" என்பார்கள். ஆசையோடு வந்து நிற்கிற முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் இருக்கலாம். நகைக்கு மாற்றுப் பார்ப்பவரோ, பரீட்சைத் தாள் திருத்துபவரோ, யாரானாலும் நீங்கள் என் இனம். உங்களுக்குத்தான் இது.

கத்திப் பார்த்தவர்

வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு லொறிக்காரர் ஒருவர், மகனுக்காக வாங்கிய பிக்கப்போடு வந்தார். அம்பிளிபயரில் இணைத்து, "இதுக்குக் கிட்ட வாயை வச்சு ஏதாவது சொல்லுங்க" என்றேன். நல்ல பிக்கப் மனிதக் குரலுக்கு மசியாது. உள்ளே ஊற்றிய மெழுகு உருகிச் சுருள் தளர்ந்திருந்தால் மட்டுமே குரலுக்கு அதிரும். அப்படிப்பட்டது மேடையில் சத்தத்தைக் கூட்டினால் நாய்போல ஊளையிடும்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கெழங்கே! வெலிமடைக் கெழங்கே!" என்றார். ஒலிபெருக்கியில் அப்படியே வந்தது. தெருவில் போன இரண்டு பேர் உள்ளே எட்டி விலை கேட்டார்கள். இது கெட்டுப்போனது என்று நான் விளக்க விளக்க, அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "கிட்டாருக்குன்னு வாங்கினேன் பாஸ், மைக்கும் சேர்ந்தே கெடைச்சிருக்குன்னு சொல்லுங்க!"

அழகான மூடி

பண்டாரவளையில் தையற்கடை வைத்திருந்தவர் கொண்டுவந்தது, பார்க்க அத்தனை அழகு. வெள்ளிபோல மின்னும் மூடி. அடித்தகட்டில் கம்பெனி முத்திரை. ஆனால் மூடியைத் தகட்டோடு ஒட்டிய ஈயம் பளபளத்தது. பழைய ஈயம் மங்கியிருக்க வேண்டும்; பளபளத்தால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள் என்று பொருள். திருப்புளியை மேலே பிடித்தேன், காந்தம் இழுக்கவில்லை. அவர் சம்மதத்துடன் திறந்தோம். உள்ளே முழுக்க மெழுகு. மெழுகுக்குள், கனத்துக்காக ஒரு கூழாங்கல்.

அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவரோ வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்தார். "மூடி ஒரிஜினல்தானே பாஸ்? அதை மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. வாங்க வந்தவர் வெளிய நிக்கிறார்."

தேயிலைக் காந்தம்

தங்கராஜுக்குப் பெரகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஃபெக்டரியில் தேயிலை சலிக்கும் வேலை. தூளோடு ஆணித்துண்டு ஏதும் கலந்திருந்தால் இழுத்தெடுக்க அங்கே காந்தம் வைத்திருப்பார்கள். உடைந்ததென்று கழித்த காந்தம் ஒன்றைக் கேட்டு வாங்கி, தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அறுத்து, தோட்டத்து ஒபீஸ் எறிந்த டெலிபோனின் மணிச்சுருளிலிருந்து கம்பியை உருவி, கையாலேயே சுற்றி ஒரு பிக்கப் செய்திருந்தார். முதுகில் கிட்டாரும் இடுப்பில் சின்ன மகள் புஷ்பமுமாக வந்தார்.

வாசித்தார். பாட்டுக்காகக் கல்லாவை விட்டு எழுந்தே அறியாத எங்கள் முதலாளி, பதுளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் வியாபாரி, எழுந்து வந்து, "மெய்யாவே நல்லா ஈக்கே!" என்றார். 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கு'தான். முனகல் இல்லை, ஊளை இல்லை. ஆறு தந்தியும் ஒரே அளவாகக் கேட்டன. நான் பார்த்த ஒரிஜினல்கள் பலவற்றைவிட இது மேல் என்று நானும் சொன்னேன்.

தங்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விட விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தார். அங்கே போயும் மலை, தேயிலைக் கொழுந்துக் கூடை என்று ஆகிவிடக் கூடாது. திருச்சியில் மச்சான் இருக்கும் மேடைக் குழுவில் சேர்ந்து கிட்டார் வாசித்துப் பிழைக்க வேண்டும். அந்தக் குழுத் தலைவர் கம்பெனிச் சாமான் இல்லாதவரை மேடையேற்ற மாட்டார் என்று மச்சான் சொல்லியனுப்பியிருந்தார். "பாடுதுங்க பாஸ், இல்லேங்கல. ஆனா கழட்டித் திருப்பிப் பார்த்தா பேரு இல்லையே."

உயிரோடு வந்தது

பிறகு ஒரு நாள், நான் தொழில் தொடங்கியது முதல் பார்க்கக் காத்திருந்த ஒன்றைத் தங்கராஜ் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தோட்டத்து உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னதுரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களைப் பகிர்ந்து கொடுத்ததில் அவருக்குக் கிடைத்த பிக்கப் அது. கறுப்புச் சட்டத்தில் ஆறு காந்தக் குச்சிகள், துணி சுற்றிய இணைப்புக் கம்பிகள், யாரும் தொடாத ஈயம், அடியில் முத்திரை. மீட்டரை வைத்தேன், முள் எழுந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "ஒரிஜினல். உயிரோட இருக்கு" என்றேன். அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து நான் சொன்னது அன்று ஒரு நாள்தான்.

மாட்டி வாசித்துப் பார்க்கலாம் என்று திருப்புளியை எடுத்தேன். அவர் தன் கையால் பிக்கப்பை மூடிக்கொண்டார். சும்மா வைத்தால் ஈரம் பிடிக்கும், இப்போதே மாட்டிவிடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். பட்டுத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இங்க இதைத் தொடவே மாட்டேங்க. மொத சத்தம் அங்க, மேடையிலதான்."

ஆறு பொட்டு

சில வருஷம் போய்ப் பாஸ்போட் வந்துவிட்டது, கப்பலேறத் தலைமன்னார் போகும் ரயிலுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. போகுமுன் ஒரு தரம் பார்த்துவிடுங்கள் என்று தங்கராஜ் வந்தார். இப்போது புஷ்பம் கிட்டாரைத் தானே சுமக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். தேயிலைக் காந்தத்தின் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை.

பட்டுத் துணியைப் பிரித்ததும் கற்பூர வாசம் வந்தது. ஆறு காந்தக் குச்சிகளின் தலையிலும் ஆறு பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம். தோட்டத்துக் குடியிருப்பான லயத்து வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே வைத்து, ஆயுத பூஜைதோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதுப் பொட்டு வைத்திருக்கிறார். ஃபெக்டரி இயந்திரங்களுக்கு எல்லாரும் செய்வதுதான். இயந்திரம் தாங்கும். இதிலோ, கம்பியின் முதல் சுற்று காந்தத்தை ஒட்டியே இருக்கிறது. ஈரம் குச்சியோடு வழிந்து உள்ளே இறங்கியிருந்தது. மீட்டரை வைத்தேன். முனைகளைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். முள் படுத்தே கிடந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், செம்பு பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒரு வருஷம்கூட பூஜை விடலையே, பாஸ்."

அவிழ்ப்பதா, வேண்டாமா

புதிதாகச் சுற்றலாம். அதற்கு அத்தனை மெல்லிய கம்பி வேண்டும். பதுளையில் இல்லை, கொழும்புக்கு டெலிபோன் போட்டுக் கேட்டோம், அங்கும் இல்லை. முதலாளிதான் புஷ்பம் மடியில் வைத்திருந்த கிட்டாரைக் காட்டினார். "கம்பி இதுல ஈக்குதானே?"

ஆமாம், இருந்தது. பாடுகிற தேயிலைக் காந்தத்தை அவிழ்த்து, அந்தக் கம்பியைச் செத்த ஒரிஜினலில் சுற்றலாம். கம்பி தாங்கினால், பேரும் இருக்கும், பாட்டும் இருக்கும். ஆனால் ஏற்கெனவே ஒரு தரம் உருவிச் சுற்றிய கம்பி அது. பொடிப்பொடியாக அறுந்தால் இரண்டும் போகும். அறாது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன்.

தங்கராஜ் ஒரிஜினலை எடுத்தார், வைத்தார். கிட்டாரைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார். முதலாளிக்குத் தான் சொன்ன யோசனையே பயமாகிவிட்டது. "வேணாம் தம்பி. பாடுறத வச்சிக்கிட்டுப் போங்க."

"பேரில்லாம போய் நின்னா, அங்கயும் கொழுந்துக் கூடைதான் மொதலாளி."

"அறுந்திச்சின்னா?"

"அப்பவும் கூடைதான்."

தங்கராஜ் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். கடைசியில் மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. அப்பாவுக்கு ஒண்ணும் ஓடல."

புஷ்பம் அந்தக் கறுப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது எப்படிப்பா பாடும்?"

தங்கராஜுக்குத் தெரியவில்லை. முதலாளிக்கும் தெரியவில்லை. ஒரிஜினல் என்று சான்று சொன்ன நானும் அதன் சத்தத்தைக் கேட்டதில்லை.

தட்டியும் சுரண்டியும் அளந்தும் நான் கற்றுவைத்திருந்த சோதனைகள் எல்லாம் தீர்ந்துபோன இடத்தில், கேட்டே வளர்ந்த சத்தத்தைவிட இதுவரை கேட்காததையே கேட்க வேண்டும் என்று, பாடுகிற தேயிலைக் காந்தத்தை அவிழ்க்கச் சொன்னாள் புஷ்பம்.