கட்டி வைத்த இரண்டு வாக்கியங்கள்

காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை 'இன்று சுட்டது' என்ற இரண்டு சொற்கள். ரொட்டி வேன் ஒன்றின் பின்கதவில் மேலே கன்னடத்திலும் கீழே தமிழிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். பிழை எதுவும் இல்லை என்று நான் பார்த்து முடிப்பதற்குள் எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்து என்மேல் மோதின. அல்சூர் ஏரிக்குப் போகும் சாலையில், ரொட்டிக் கடையின் கேட்டைத் தாண்டி வேன் பின்னோக்கி வந்துவிட்டிருந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. நான் சாலையின் இடது ஓரத்தில் சைக்கிளில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நிமிடம் வரை நினைவிருப்பதற்குக் காரணம், தரையில் கிடந்தபடி நானே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒருவர் குனிந்து என்னைத் தூக்கப் பார்த்தார். அவர் கையில் கடிகாரம் இருந்தது.

"மணி என்னங்க?"

"எட்டு பன்னெண்டு. ஏம்ப்பா, கை அப்படித் தொங்குது, மணியா கேக்கற நீ?"

டிரைவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு வேனின் கதவைப் பார்த்தார். கதவு நன்றாக இருந்தது.

"இன்னா சாப், வண்டி ரிவர்ஸ்ல வருது, பாக்க வேணாமா?"

"நீங்கதானே பாக்கணும்?"

"எனக்கு முதுகுல கண்ணா இருக்குது சாப்? உங்களுக்குத்தான் முன்னால இருக்குது."

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலி தொடங்கியது. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. சைக்கிளின் முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது, சட்டமும் உடைந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது. வீடு மர்பி டவுனில். கன்டோன்மென்ட்டில் ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். அங்கே நிருபர் ஆவதற்குப் படிப்பைவிட முக்கியமான தகுதி ஒன்று உண்டு, சொந்த சைக்கிள். காலையில் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட், முனிசிபல் ஆபீஸ் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு மதியத்துக்குள் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். சைக்கிள் இருப்பவர் நிருபர், இல்லாதவர் புரூஃப் ரீடர். மூன்று வருடம் புரூஃப் மேஜையில் அடுத்தவர் எழுதியதற்குக் கமா போட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய சைக்கிள் அது.

மாவுக்கட்டோடு ஆபீசுக்குப் போனேன். ஆசிரியர் கையைப் பார்த்துவிட்டு, "சைக்கிள் எங்கப்பா?" என்று கேட்டார்.

"போச்சு சார்."

"கை?"

"ஆறு வாரம்."

"அப்ப புரூஃப்ல உக்காரு. இடது கையில திருத்து. உன் சுத்துக்கு, இப்ப புரூஃப் பாக்கற அடுகோடிப் பையனைப் போடறேன், அவன்கிட்ட புது சைக்கிள் இருக்கு. நீ சைக்கிளோட வா, வேலை உனக்குத்தான்."

சைக்கிளோடு வர ஒரே வழி நஷ்ட ஈடு. வேனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்தேன். ஸ்டேஷன் குறிப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கடிகாரம் கட்டியவரின் விலாசம் எல்லாவற்றையும் அவர் பார்த்தார். "லட்டு மாதிரி கேஸ் ஓய். ரிவர்ஸ்ல வந்து இடிச்சவன் என்ன சொல்லித் தப்பிப்பான்?" என்றார்.

நாலே வாரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. வக்கீல் கூப்பிட்டனுப்பினார். போனால் மேஜைமேல் ஒரு பத்திரிகைத் துண்டு. அவர் முகத்தில் லட்டு இல்லை.

"இது உம்ம பேப்பர்தானே?"

"ஆமாம்."

"படியும்."

விபத்துக்கு மறுநாள் மூன்றாம் பக்கத்தில் வந்திருந்த செய்தி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் நான் பார்க்கவில்லை. சுற்றிலும் பூவேலைப் பார்டர். நமது நிருபர் நேற்றுக் காலை அல்சூர் சாலையில் சைக்கிளில் சென்றபோது ரொட்டி வேன் மோதியது என்று முதல் மூன்று வரி. அதன் பிறகு இப்படி இருந்தது: 'சைக்கிளில் வந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது. அதிர்ஷ்டவசமாக அவர் சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்.'

"உம்ம பத்திரிகையே உம்ம கழுத்த அறுத்துடுத்து ஓய்! அதுவும் பூப்போட்டு! எந்த மகானுபாவன் எழுதினது இத?"

"நான்தான்," என்றேன்.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் பத்திரிகை பஸ் முதலாளிகள், லாரி முதலாளிகள், ரொட்டிக் கடைக்காரர்கள் ஆகியோரின் விளம்பரத்தில் ஓடியது. சைக்கிளில் போகிறவன் யாரும் விளம்பரம் தருவதில்லை. நான் நிருபரான முதல் வாரத்தில் ஆசிரியர் இதை ஒரு தடவை சொன்னார், இரண்டாம் தடவை சொல்ல அவசியமே ஏற்படவில்லை. எல்லா சைக்கிள் விபத்துக்கும் பொருந்தும்படி இரண்டு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன். அப்போது அவற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அச்சுக் கோக்கும் ஃபோர்மேன் கணக்கான ஆள். ஒரே வரியை வாரம் ஒரு தடவை கோப்பானேன் என்று அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு முறை ஈய எழுத்தில் கோத்து, சணல் கயிற்றால் கட்டி, ஜன்னல் ஓரத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டார். அச்சகத்தில் அதற்கு 'வாலு' என்று பெயர். விபத்துச் செய்தி வந்தால் நான் மூன்று வரி எழுதி, கீழே 'வால்' என்று மட்டும் குறிப்பேன். புரூஃப் மேஜையிலும் அதை யாரும் படிக்க மாட்டார்கள். நானே அங்கே இருந்த காலத்தில், ஏற்கெனவே திருத்தியதுதானே என்று தாண்டிப் போனவன்.

நேராக ஃபோர்மேனிடம் போனேன். அவர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர். அப்பாவின் நண்பர்.

"ஏண்ணா, என் செய்திக்குமா வாலு வெப்பீங்க?"

"இன்னா தம்பி இப்படிக் கேக்கறே? நீ அடிபட்டேன்னு கேட்டதும் எனக்கு ஒரே பேஜாராப் போச்சு. எழுத ஆள் இல்ல. நானே மூணு வரி சொந்தமா கோத்தேன். உன் ஸ்டைல் வரணும்னு கீழ உன் வரியையே வெச்சேன். பார்டர் பாத்தியா? கல்யாணப் பத்திரிகைக்கு வெச்சிருந்த பார்டர் அது!"

பார்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரணை எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் மாவுக்கட்டு பிரித்து, கை பேனா பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தது. அடுகோடிப் பையன் என் சுற்றில் நன்றாகக் காலூன்றியிருந்தான். இந்த வழக்கு தோற்றால் புரூஃப் மேஜைதான் எனக்கு நிரந்தரம்.

நீதிபதி கன்னடக்காரர். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. கடிகாரம் கட்டியவர் முதல் சாட்சியாக வந்து பார்த்ததைச் சொன்னார். எதிர்வக்கீல் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். விழுந்ததும் இவர் என்ன பேசினார்?

"மணி கேட்டாருங்க."

"வலிக்கிறது என்று சொன்னாரா?"

"இல்லீங்க. மணிதான் கேட்டாரு."

மணி கேட்கிற நிலையில் இருந்தவருக்குப் பலத்த காயம் எப்படி என்று எதிர்வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டதை இங்கே தமிழில் தருகிறேன்.

"இது உங்கள் பத்திரிகை?"

"ஆமாம்."

"அதில் விபத்துச் செய்திகளை எழுதுவது யார்?"

"நான்."

"இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்?"

"என்னுடையவைதான். ஆனால் இந்த விபத்துக்காக எழுதியவை அல்ல."

"பிறகு எந்த விபத்துக்கு?"

"குறிப்பிட்ட விபத்து எதற்கும் அல்ல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். என் வக்கீல் எழுந்து, சாட்சிப் பொருள் ஒன்று இருக்கிறது, அதற்கு ஃபோர்மேனைக் கூப்பிட வேண்டும் என்றார்.

ஃபோர்மேன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம், பக்கோடாப் பொட்டலம் அளவுக்கு. மேஜைமேல் வைத்துப் பிரித்தார். சணல் கட்டிய ஈயம்.

"ஏனிது?" என்றார் நீதிபதி கன்னடத்தில், இது என்ன என்று.

"வாலு, ஸ்வாமி," என்றார் ஃபோர்மேன்.

தமிழ் தெரிந்த பெஞ்ச் கிளார்க்கைப் படிக்கச் சொன்னார்கள். அவர் அதைத் திருப்பினார், சாய்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஈயத்தில் எழுத்துகள் இடம் வலம் மாறி இருக்கும். ஃபோர்மேன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குடுங்க சார்," என்று வாங்கி, தலைகீழாகப் பிடித்தபடி கடகடவென்று வாசித்தார். காகிதத்தில் படிப்பதைவிட ஈயத்தில் படிப்பது அவருக்குச் சுலபம்.

எதிர்வக்கீல் சும்மா இருக்கவில்லை. இந்தக் கட்டை நேற்று ராத்திரிகூடக் கோத்திருக்கலாமே என்றார்.

"கோத்திருக்கலாம் சார். ஆனா எழுத்தை அதே மாதிரி உடைக்க முடியாதே," என்றார் ஃபோர்மேன். கிளார்க்கின் மேஜையில் முத்திரை குத்த வைத்திருந்த ஊதா மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, ஈயத்தை அதில் ஒற்றி, ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தினார். இரண்டு வாக்கியங்களும் ஊதா நிறத்தில் விழுந்தன. "இந்த 'காரணம்'ல 'ண' பாருங்க. நடுச்சுழி சிதைஞ்சிருக்குது. ரெண்டு வருஷம் முன்னால கீழ போட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்த எல்லாத்துலயும் இதே சிதைவு இருக்கும்."

என் வக்கீல் பழைய இதழ்களை எடுத்து வைத்தார். மொத்தம் இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் அதே 'ண', அதே நொண்டிச் சுழி. நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கிளார்க்கிடம், "ஓதி," என்றார், செய்திகளை வாசிக்கச் சொல்லி.

கிளார்க் வாசித்தார். ஆனேபாளையத்தில் ஒருவரை எருமை முட்டியது. சைக்கிளில் வந்தவரின் கவனக்குறைவே காரணம். சிவாஜி நகரில் சைக்கிள் கடைக்குள் லாரி புகுந்தது. சைக்கிளில் வந்தவரின் கவனக்குறைவே காரணம். ஒரு தபால்காரர் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஹோட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பஸ் அதன்மேல் ஏறியது. அதற்கும் அதே வால். அதிர்ஷ்டவசமாக அவர் சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். எதிர்வக்கீலின் ஜூனியர்.

நீதிபதி சிரிக்கவில்லை. "காப்பி குடித்தவருக்கு எங்கே காயம்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது, ஸ்வாமி."

"அவருடைய கவனக்குறைவு என்ன?"

"தெரியாது."

"இந்த இருபத்து மூன்று பேரில் யாரையாவது விசாரித்தீர்களா?"

என் வக்கீல் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். கூண்டில் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன். சைக்கிளும் வேண்டும்.

"இல்லை, ஸ்வாமி. யாரையும் விசாரிக்கவில்லை."

அதை அவர் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க நேரமாயிற்று.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அந்தச் செய்தியை ஆதாரமாகக் கொள்ள முடியாது, அந்தப் பத்திரிகையில் வரும் எந்த விபத்துச் செய்தியையும் ஆதாரமாகக் கொள்வது உசிதமல்ல என்று அதில் ஒரு வரி இருந்தது. வக்கீல் அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "ஜெயிச்சுட்டீர் ஓய், ஆனா இத உம்ம எடிட்டர் கண்ணுல காட்டாதேயும்," என்றார்.

ஆசிரியர் அதற்கு முன்பே படித்துவிட்டிருந்தார். நஷ்ட ஈட்டில் வாங்கிய புதுச் சைக்கிளை ஆபீஸ் வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

"யாரையும் விசாரிக்கலன்னு சத்தியம் பண்ணினியாமே?"

"ஆமா சார்."

"என் பேரு எங்கயாவது வந்துதா?"

"இல்ல சார். ஜட்ஜ் கேக்கல."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். எழுந்து ஜன்னல் வழியாகச் சைக்கிளையும் பார்த்தார்.

"டைனமோ இருக்கா?"

"இருக்கு சார்."

"நாளையிலேருந்து உன் சுத்து நீ போ. பையன் புரூஃப் பாக்கட்டும். இனிமே யார் தப்புன்னே எழுதாத. மோதியதுன்னு எழுது, போதும். ரொட்டிக்காரன் விளம்பரத்த நிறுத்திட்டான், தெரியுமில்ல?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு பால்காரர் இருந்தார், கால் முறிந்து. பெயர், வயது, தெரு, எந்த வண்டி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அரைமணி நேரம் கேட்டு எழுதினேன். மோதியபோது மணி என்ன என்றும் கேட்டேன்.

"யாருய்யா நீ? வலி உயிர் போவுது, மணி கேக்கறே!" என்றார்.

ஆபீசில் தாளை நீட்டியபோது ஃபோர்மேன் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் ஈயத்தின் தடம் மட்டும் சதுரமாக இருந்தது. கட்டைச் சாட்சிப் பொருள் என்று கோர்ட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தட்டில் 'ண' பற்றாக்குறை என்று அதைத் திரும்பக் கேட்டு அவர் இரண்டு முறை மனுக் கொடுத்தார்.

இரண்டு மனுக்களுக்கும் பதில் வரவில்லை.