ஏழாம் இலக்கப் போத்தல்

யோசெப் அண்ணையின் மூக்கைப் பற்றி விமான நிலையம் இருக்கிற டோர்வலில் வேலை செய்யும் தமிழர்களிடையே ஒரு காலத்தில் பெரிய பேச்சு இருந்தது. விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்தவர். மரக்கறி வெட்டுவதில் தொடங்கி, சோஸ் காய்ச்சும் பகுதிக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். கிறீம் வாளியில் சந்தேகம் வந்தால் மேற்பார்வை செய்கிற வெள்ளைக்காரப் பெண் திகதியைப் பார்ப்பதில்லை, அவரைத்தான் கூப்பிடுவாள். அவர் குனிந்து ஒரு தரம் மூச்சிழுத்துவிட்டு, "இண்டைக்குப் பாவிக்கலாம், நாளைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதுதான் முடிவு.

அந்த மூக்கை அவர் எங்களிடமும் கொண்டுவந்தார். பக்கத்து ஊர்களான லாசாலிலும் சென்ட் லோரன்டிலுமாக நாங்கள் ஆறு பேர் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள். குசினியில் பெரிய பானையில் மால்ட்டும் ஹொப்ஸ் பூவும் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் ஈஸ்ட் போட்டு இரண்டு கிழமை மூடிவைத்து, பிறகு போத்தலில் அடைப்போம். ஒவ்வொரு டிசம்பர் தொடக்கத்திலும் ஒருவர் காய்ச்சியதை மற்றவர்களுக்குக் கொடுப்போம். போத்தலில் பெயர் இருக்காது. மூடியில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். அவரவர் வீட்டில் குடித்துப் பார்த்து மதிப்புரை எழுதி அனுப்ப வேண்டும். நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பிரசாந்தின் வீட்டில் எல்லோரும் குடும்பத்தோடு கூடி, மதிப்புரைகளை உரத்து வாசித்து, எந்த இலக்கம் யாருடையது என்று சொல்லுவோம்.

யோசெப் அண்ணைக்கு இலக்கம் ஒரு மறைவே இல்லை. மணந்து பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். எழுதுவதும் அப்படித்தான், ஆளைப் பார்த்து எழுதுவார். பிரசாந் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியியலாளர். அவர் முதன்முதல் காய்ச்சிய பியருக்கு யோசெப் அண்ணை எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். "மழையில் நனைந்த நாய் கார்ப்பெட்டில் படுத்தெழும்பிய மணம். இதைச் செய்தவர் செய்கிற விமானத்தில் நான் ஏறமாட்டேன்." அன்று ரொறன்ரோவிலிருந்து பிரசாந்தின் மாமனார் வந்திருந்தார். அவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். பிரசாந்தும் சிரித்தபடி எங்களுக்கு ரோல்ஸ் தட்டை நீட்டினார். மாமனாருக்கு நீட்டாமலே தட்டைத் திரும்பக் கொண்டுபோனதை நான் கண்டேன்.

2022 ஜனவரியில் யோசெப் அண்ணைக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. மணமும் அதோடு போனது, திரும்பி வரவில்லை. அவர் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவி பிரியந்தி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் அடுப்பில் சோறு கருகிப் புகை எழும்பும்வரை அவர் பக்கத்து மேசையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா கண்டுவிட்டார். அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வேலையிடத்தில் திகதி பார்த்துச் சமாளித்தார். நாக்கு உப்பையும் புளிப்பையும் கசப்பையும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவிலும் அப்படியே. பியரின் நிறத்தைப் பார்ப்பார், நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார், மிச்சத்தைப் புத்தகத்திலிருந்து எடுப்பார். இதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கண்டுபிடித்திருந்தார். பிந்தி அவரே என்னிடம் சொன்னது இது: "நல்லமெண்டு எழுதினா என்னெண்டு நல்லமெண்டு கேப்பாங்கள். கூடாதெண்டு எழுதினா ஒருத்தனும் கேக்கமாட்டான், வெக்கத்தில பேசாமல் இருப்பான்." அதனால் அவருடைய மதிப்புரைகள் வருடத்துக்கு வருடம் கொடூரமாகிக்கொண்டு போயின. முன்பு வாசனையைத் திட்டி ஆளைச் சீண்டியவர், இப்போது மனிதரையே திட்டினார்.

2023இல் ஜெனாட் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். லாசாலில் ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், நாற்பது வயது, அதிகம் கதைக்காதவர். ஆறு மாதம் படித்துப் படித்து, தோடம்பழத் தோலும் கறுவாவும் போட்டு ஒரு கறுப்புப் பியர் செய்திருந்தார். அந்த வருடச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் அப்பாவின் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

யோசெப் அண்ணையின் மதிப்புரையைப் பிரசாந் வாசித்தார். "நகப்பூச்சு அழிக்கிற திரவத்துக்குக் கறுப்புச் சாயம் போட்டது போலிருக்கிறது. செய்தவர் முதலில் வாளி கழுவப் பழகட்டும். அது முடியாதென்றால் தண்ணீர் குடிக்கப் பழகட்டும். இதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மனிதனுக்குக் கூச்சம் வராதா?"

நாங்கள் சிரித்தோம். ஜெனாட்டும் சிரித்தார். மகள் நிமிர்ந்து பிரெஞ்சில் தாயிடம் ஏதோ கேட்டாள். தாய் அவளுடைய ஜக்கெட்டை எடுத்து மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஜெனாட் வரவேயில்லை.

அன்று சிரிக்காத ஒருவன் அன்டன். அன்டனும் அதே சமையற்கூடத்தில் சோஸ் பகுதியில், யோசெப் அண்ணைக்கு அடுத்த இடத்தில் இருந்தவன். அண்ணைதான் அவனை எங்கள் குழுவுக்குக் கூட்டிவந்தவர். ஜெனாட்டின் பியர் இரண்டு போத்தலையும் அன்டன் குடித்து முடித்திருந்தான். அந்த வருடம் வந்ததில் அதுதான் திறம் என்று அவனுக்குத் தெரியும். வேலையிடத்தில் அண்ணை இப்போதெல்லாம் மணந்து பார்க்கும்போது மூச்சே இழுப்பதில்லை என்பதையும் அவன் கவனித்திருந்தான். இரண்டையும் சேர்த்துப் பிரசாந்திடம் சொன்னான்.

அடுத்த டிசம்பருக்கு இருவரும் ஆயத்தமானார்கள். மூலையில் இருக்கிற தெப்பனர் கடையில் மலிவான பியர் இரண்டு போத்தல் வாங்கி, கருவாடு ஊறவைத்த தண்ணீரில் ஒவ்வொரு கரண்டி ஊற்றி, திரும்ப மூடியடித்து, ஆறு பேருடைய இலக்கங்களுக்கும் மேலதிகமாக ஏழு என்று எழுதினார்கள். ஒன்று யோசெப் அண்ணைக்கு. மற்றது பிரசாந்தின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. எனக்கும் சொன்னார்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எப்போது சனிக்கிழமை வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போத்தலைக் கொடுக்கும்போது அன்டன் அவரைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருக்கிறான்: "அண்ணை, ஏழாம் நம்பரும் என்ர, ரெண்டாந்தரம் செய்தது. வீட்டில கொஞ்சம் பிரச்சினை, மனமே சரியில்ல. பாத்து எழுதுங்கோ."

யோசெப் அண்ணை பாத்துத்தான் எழுதினார்.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிபோல் சென்ட் லோரன்டில் பிரசாந்தின் வீட்டு பேஸ்மென்டில் கூடினோம். பெண்கள் மேலே குசினியில் இருந்தார்கள். ஒவ்வொரு இலக்கமாக வாசித்து முடித்துவிட்டு, ஏழாம் இலக்கத்தைப் பிரசாந் கடைசியாக எடுத்தார்.

"கேளுங்கோ, இது யோசெப் அண்ணை எழுதினது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொறுமையான கை. மூடியைத் திறந்ததும் தோடம்பழத் தோலின் மணம், பின்னால் மெல்லிய தேன் மணம். இந்தக் குழுவுக்கு வந்த பியர்களில் இவ்வளவு சுத்தமான வாசனையை நான் கண்டதில்லை. செய்தவர் மனம் தளராமல் தொடர வேண்டும்."

அவர் யாரையும் புகழ்ந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணை அன்டனைப் பார்த்துச் சிறிதாகத் தலையாட்டினார். பிரசாந் அதை இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு மற்றப் போத்தலைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துத் திறந்தார்.

மணம் எழும்பி அறை முழுக்கப் பரவியது. ஒருவர் முகத்தைத் திருப்பினார், ஒருவர் மூக்கைப் பொத்தினார், நான் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். யோசெப் அண்ணை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன முகம் வைக்க வேண்டும் என்று தேடினார். பிறகு, எல்லோரும் சுளித்து முடிந்தபின், அவரும் மூக்கைச் சுளித்தார்.

அதைக் கண்டதும் எங்களால் அடக்க முடியவில்லை.

"என்ன மணக்குது அண்ணை?" என்று பிரசாந் கேட்டார்.

"பழுதாப் போச்சுது போல..."

"என்ன மணக்குது எண்டு கேட்டனான். ஒரு சொல்லு காணும். நாய் மணமோ, கார்ப்பெட் மணமோ?"

அண்ணை அன்டனைத் திரும்பிப் பார்த்தார். அன்டன் ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தான். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கோ அண்ணை. டோர்வலில எல்லாரும் உங்கட மூக்கை நம்பித்தானே பிளேனில சாப்பிடீனம்?"

"கருவாடு" என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது. பிரியந்தி அக்கா பாதிப் படியில் நின்றார். "கருவாடு மணக்குது. காணும், விடுங்கோ. வாங்கோ, வீட்ட போவம்."

அவர்களை என்னுடைய காரில்தான் லாசாலுக்குக் கொண்டுபோனேன். நெடுஞ்சாலையில் ஏறினோம். பிறகு அண்ணை பின்சீற்றில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"உமக்கு முதலே தெரியுமே?"

"ஓம். நீங்கள் குடிச்ச போத்தலைக் கழுவேக்க மணந்தது."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. நான் எழுதினதை அனுப்பமுதல்."

"சொல்லியிருக்கலாம்."

"பேந்தேன் சொல்லேல்ல?"

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "போன வருசம் ஜெனாட்டின்ர மனிசி எனக்கு ஃபோன் எடுத்து அழுதவ. என்ர பிள்ளைக்கு முன்னால ஏன் அப்பிடி எழுதினவர் எண்டு கேட்டவ. நான் உங்களிட்ட வந்து சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணை எனக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்டன் எடுத்த வீடியோ நத்தாருக்குள் எல்லோருடைய ஃபோனுக்கும் போய்விட்டது. சமையற்கூடத்துக்கும் போனது. ஜனவரி முதல் கிழமை மேற்பார்வைப் பெண் அவரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் மூன்று கடதாசிக் கோப்பைகளில் பால் இருந்தது. ஒன்று மட்டும் பழுது. குடிக்கக்கூடாது, மணந்து மட்டும் சொல்ல வேண்டும் என்றாள். அண்ணை மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்துவிட்டு நடுவில் இருந்ததைக் காட்டினார். அவள் இடது பக்கக் கோப்பையைக் குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். மூன்று வருடமாக, மணந்து பார்த்ததாக அவர் ஒவ்வொரு நாளும் கையெழுத்து வைத்த தாள்கள் ஒரு கோப்பில் அவள் பக்கத்தில் இருந்தன.

"எத்தனை பேர் அதைச் சாப்பிட்டிருப்பார்கள், யோசெப்?" என்று மட்டும் கேட்டாளாம்.

அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. விமானத்திலிருந்து திரும்பி வரும் தட்டுகளைக் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். சோஸ் பகுதி அன்டனுக்குப் போனது. முதல் நாள் அன்டன் அவரிடம் வந்து, "அண்ணை, நான் கேக்கேல்ல, அவையாத்தான் தந்தவை" என்று சொன்னானாம். அண்ணை கையுறையைக் கழற்றாமல், "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு ஃபோன் எடுத்து, ஜெனாட்டின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். போனோம். அது ஒரு மூன்று மாடிக் கட்டடம், அவர்கள் இரண்டாம் மாடி. ஜெனாட் கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. சப்பாத்துக் கழற்றும் கால்மிதியிலேயே நின்று கதைத்தோம்.

"ஜெனாட், நான் உமக்கு எழுதினது பொய்" என்றார் அண்ணை. "எனக்கு அப்பவே மணம் தெரியாது."

"வீடியோ பாத்தனான்."

"உம்மட பியர் எப்பிடியிருந்தது எண்டு எனக்குத் தெரியாது. அன்டன் சொன்னவன், அந்த வருசம் வந்ததில அதுதான் திறமெண்டு. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

உள்ளே தொலைக்காட்சியில் பிரெஞ்சில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஜெனாட் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்களும் குடிச்சனீங்கள்தானே? எப்பிடியிருந்தது?"

"நல்லாயிருந்தது" என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் சிரிச்சனீங்கள்."

அவர் மறுபடி அண்ணையிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, உங்களுக்காவது மணம் தெரியாது. இவைக்குத் தெரிஞ்சது." அவர் கதவில் கையை வைத்தார். "பானை, வாளி எல்லாத்தையும் நான் அந்த மாதமே எறிஞ்சிட்டன். திரும்பச் செய்யிற எண்ணம் இல்ல. நீங்கள் வந்தது சரி, ஆனால் இனி வரவேண்டாம். பிள்ளைக்கு உங்களைக் காணப் பிடிக்காது."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. படியிறங்கும்போது அண்ணை கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். காரில் ஏறியதும், "சரியாத்தான் சொல்லுறான்" என்றார். ஜெனாட் சொன்னது யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் என்று தெரிந்திருந்தது.

போன டிசம்பரிலும் நாங்கள் கூடினோம், ஐந்து பேராக. இப்போது மதிப்புரை எழுதுவதில் பிரசாந்துக்குத்தான் பெயர். நான் காய்ச்சியதைப் பற்றி அவர் எழுதியதை என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அன்டன் கண்ணீர் வரச் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

யோசெப் அண்ணை அன்று வேலையில் இருந்தார். சனிக்கிழமைகளை அவரே கேட்டு எடுத்துக்கொள்கிறார் என்று பிரியந்தி அக்கா சொன்னார்.