அக்காவின் ஜடை

என் அக்கா ஸ்ரீரங்கத்தில் கவுன்சிலர். இடுப்பைத் தாண்டிய ஜடை, அதில் மல்லிகை, சாதாரணக் கைத்தறிப் புடவை. இந்தக் கோலத்தில்தான் சுவரெங்கும் சிரித்துக்கொண்டிருப்பாள். பூச்சு இல்லாத அசல் பெண் என்று கட்சிக்காரர்கள் மைக்கில் முழங்குவார்கள். அந்த அசலுக்குத் தலைச்சாயம் பூசிவிடுவது நான்தான்.

மறுபடியும் தேர்தலுக்கு நின்றபோதுதான் மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "உடனே கீமோ ஆரம்பிக்கணும். தள்ளிப் போடாதீங்க. முடி கொட்டும், ஆனா திரும்ப வளந்துடும்" என்றார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எலெக்‌ஷன் முடிஞ்சு வரலாமா?"

ஆட்டோவில் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "சீக்காளிக்கு யாருடி ஓட்டுப் போடுவா?" என்றாள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு வந்தால், "சமயபுரமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் அதற்குமேல் துருவமாட்டார்கள்.

"இப்பவே போய் மொட்டை அடிச்சுக்கக்கா. வேண்டுதல்னு சொல்லிடலாம். ட்ரீட்மெண்ட் எடுக்கறது யாருக்குத் தெரியப் போகுது?"

"சாயம் பூசிக்கறது வேற. அம்மன் பேர்ல பொய் சொல்லச் சொல்றியா?" என்று சீறினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகப்போகிற நேரத்திலா இவளுக்கு நேர்மை வரவேண்டும்?

நாட்கள் ஓடின. கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் தனியாகச் சமயபுரம் போய் என் முடியைக் கொடுத்துவிட்டேன். 'அவளை ஆஸ்பத்திரிக்கு வர வை, தாயே' என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாலாவது மனசு இளகமாட்டாளா என்ற நப்பாசையும் இருந்தது. தலையில் சந்தனம் காயுமுன்னே அவள் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த தெருவுக்கு ஓடினேன்.

ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சமயபுரமா? யாருக்கும்மா வேண்டுதல்?"

அக்கா என் தலையைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. அப்பாடா, வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் பார்வை ஒரு கணம் அங்கே போய்த் திரும்பியது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் ஜெயிக்கணும்னு என் தங்கச்சி முடி குடுத்துட்டு வந்திருக்கா" என்றாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு பாட்டியம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அக்காவின் விரல்கள் என் முதுகில் அழுந்தின. என் காதோரமாக, "சிரிடி" என்றாள்.

நான் சிரித்தேன்.