மெசேஜ் வராத காலை

முனைவர் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் என் அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, பெயர் கிடையாது. ஓர் எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு எதிரே ‘இடையில் விலகியவர்’ என்று நானே டைப் அடித்திருக்கிறேன். மதினி எங்கும் விலகவில்லை. செத்துப்போனாள். அதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அது இரண்டாயிரங்களின் கடைசி. நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. வீட்டில் இருக்கும் நோயாளியைத் தூரத்தில் இருந்தபடியே கவனிக்க முடியுமா என்பது என் ஆராய்ச்சி. தலைப்பை முழுதாகச் சொன்னால் மூச்சு வாங்கும். விஷயம் இவ்வளவுதான்: ஆஸ்துமா உள்ளவர் தினமும் காலையில் ஒரு பிளாஸ்டிக் குழாயில், மூச்சை நன்றாக இழுத்து, ஒரே ஊதாக ஊத வேண்டும். அதில் ஒரு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். அந்த எண்ணைச் செல்போனில் மெசேஜாக அனுப்ப வேண்டும். எங்கள் துறையில் உள்ள கம்ப்யூட்டர் அதை வாங்கிப் பார்க்கும். எண் ரொம்ப இறங்கியிருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் திரும்பி வரும். எங்கள் ஜனங்கள் வைத்திருந்த பட்டன் போன்களில் அப்போது தமிழ் எழுத்து வராது.

அதற்காக ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்தேன். “படிக்கவே வேண்டாம். இந்த நம்பர்ல இருந்து மெசேஜ் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வரலைன்னா நல்லா இருக்கீகன்னு அர்த்தம்.” இந்த வாயால்தான் சொன்னேன்.

ஆஸ்துமாக்காரர்களைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் மட்டுமே வேண்டிய அளவு இருந்தார்கள். மதினி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக அந்தத் தூசியில் உட்கார்ந்து நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. குழாயை முதல்முதலில் கையில் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏத்தா, அடுப்பு ஊதத்தான் வீட்ல ஊதாங்குழல் கெடக்கே. இப்ப என்னைய ஊதிப் பாக்க ஒண்ணு கொண்டாந்துட்டியாக்கும்?”

“சிரிக்காதீக மதினி. சிரிச்சா மூச்சு பத்தாது.”

“பத்தலைன்னா என்ன, ஒன் கம்ப்யூட்டரு வந்து மிச்சத்தை ஊதிட்டுப் போவுது!”

கேலி பேசினாளே தவிர, தெருவில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவளும் அவள்தான். “நம்ம வீட்டுப் பிள்ள படிக்கா. ஊதுனா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?” என்று கிழவிகளைக்கூட மடக்கிவிட்டாள்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்கு ஒரு மாதம் போல லீவு விடுவார்கள். ஆள்கள் வீட்டில் இருக்கும் நேரம் அதுதான் என்று நான் சோதனை ஓட்டத்தை அந்த லீவில் வைத்தேன். மதினி சமையலை முடித்துவிட்டுப் பத்து மணி வாக்கில் சாவகாசமாக ஊதுவாள். ஒருநாள் வேண்டுமென்றே மெதுவாக ஊதி, குறைந்த எண்ணை அனுப்பச் சொன்னேன். ஒரே நிமிஷத்தில் மெசேஜ் வந்துவிட்டது. “எம்மாடி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணுமா? அடுப்புல கொழம்பு கொதிக்குதே!” என்று போனைத் தூக்கித் தெருவெல்லாம் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியரிடம் போய், வெற்றி சார், நூற்றுக்கு நூறு என்றேன்.

கார்த்திகையில் கம்பெனிகள் திறந்தன. வேலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஏழு மணிக்கே தெருமுனையில் வந்து நிற்கும். அதனால் எல்லோரும் ஆறரைக்கு ஊத ஆரம்பித்தார்கள். எங்கள் துறையிலோ, சாயங்காலம் பூட்டும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். மறுநாள் ஒன்பதரைக்குத் துறையைத் திறந்த பிறகுதான் போட முடியும். அதுவரை வந்த எண்கள் வரிசையில் காத்துக்கிடக்கும். இது எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம்தானே தாமதம், போன் கையில்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

போன் கையில் இருக்காது. பட்டாசு கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். தீப்பெட்டி, பீடி, போன் எல்லாவற்றையும் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். இது வெளியூர்க்காரர் யாருக்காவது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதா? அந்த வாசலில் அம்மாவை நிறுத்தி மடியைச் சோதித்து அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். டவர் கிடைக்குமா என்று பார்த்தேன், பேட்டரி தாங்குமா என்று பார்த்தேன், வயதானவர்கள் பட்டனை அழுத்துவார்களா என்றுகூட ஒருவாரம் உட்கார்ந்து பார்த்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை. படித்துப் படித்துக் கண் அவிந்துபோயிருந்தது.

நாலைந்து பேருக்கு எச்சரிக்கை போய், அதை அவர்கள் சாயங்காலம்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று இருந்துவிட்டார்களாம்.

மார்கழியில் ஒருநாள், பனி கொட்டிக்கொண்டிருந்த காலை. மதினிக்கு வழக்கமாக முன்னூறை ஒட்டி வரும். அன்று நூற்றைம்பதைத் தாண்டவில்லை. அதை ஒழுங்காக மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பதிலுக்காகத் தெருமுனையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வேன் வந்தது. ஏறிவிட்டாள். நான் ஒன்பதரைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷத்தில் அவளுக்கு மெசேஜ் போயிற்று. வாட்ச்மேன் பெட்டியில் கிடந்த போனுக்குப் போயிற்று. பதினொரு மணிக்கு மேல் அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. போர்மேன் லோடு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். வழியிலேயே போய்விட்டாள்.

அண்ணன் லாரி டிரைவர். அப்போது லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். அவன் வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எடுத்தோம். அவளோடு வேலை செய்த அக்கா ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “வேன்ல ஏறும்போதே இழுத்துக்கிட்டுத்தான் வந்தா. ஏன்டி வார, வீட்ல கெடக்க வேண்டியதுதானேன்னேன். மெசேஜ் வரலக்கா, வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்னுட்டா.”

அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவனாகவே சொன்னான். “ஒழுங்கா ஊதியிருக்க மாட்டா. எதையும் அவசர அவசரமாத்தான செய்வா.”

மூன்றாம் நாள் கம்பெனியில் இருந்து மதினியின் போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணன் அதை என்னிடம் நீட்டினான். “இங்கிலீசுல என்னமோ வந்து கெடக்கு. என்னன்னு பாரு பாப்பா.”

பார்த்தேன். என் மெசேஜ்தான். பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

“ரீசார்ஜ் பண்ணச் சொல்லி வந்திருக்குண்ணே” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டு அதை அழித்தும்விட்டேன். அவன் என் தலையைத் தடவி, “நீ அழாத. நீ என்ன செய்வ? அவ சரியா ஊதியிருந்தா ஒன் மிஷினு சொல்லியிருக்கும்” என்றான். அந்தக் கை என் தலையில் இருந்த நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு துறையில் சண்டை போட்டுக் கம்ப்யூட்டரை ராத்திரியும் ஓட வைத்தேன். எண் நன்றாக இருந்தாலும் ‘OK’ என்று ஒரு மெசேஜ் வரும்படி செய்து, அது வராமல் வேனில் ஏறக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என்ன செய்து என்ன? இரண்டு வருஷம், கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் அதே பதிலைச் சொன்னான். அவ ஒழுங்கா ஊதல. தெருவே அதை நம்பிற்று. வாய்மொழித் தேர்வில், எச்சரிக்கைகள் எல்லாம் சென்று சேர்ந்தனவா என்று கேட்டார்கள். செல்போன் கம்பெனி கொடுத்த பட்டியலில் எல்லாமே சேர்ந்ததாகத்தான் இருந்தது. சேர்ந்தன என்றேன். பாராட்டி அனுப்பிவைத்தார்கள்.

எனக்குப் பட்டம் கிடைத்தால் இருக்கன்குடி அம்மன் கோயிலில் பொங்கல் வைப்பதாக மதினி நேர்ந்திருந்தாளாம். அண்ணன் அதை மறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, கோயிலுக்கு முன்னால் ஆற்றுமணலில் கல் கூட்டிப் பானையை ஏற்றினோம். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, வீட்டுக்காரி வரவில்லையா என்று அண்ணனிடம் கேட்டாள்.

அண்ணன் பெருமையாக என்னைக் காட்டினான். “இது என் தங்கச்சி. மூச்சு பாக்குற மிஷினுல படிச்சு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கு. எம்பொண்டாட்டிக்குத்தான் குடுத்து வைக்கல. ஒழுங்கா ஊதியிருந்தா இன்னைக்கு இங்கன இருப்பா.”

முன்பின் தெரியாத ஒருத்தியிடம்கூட மதினிதான் குற்றவாளி. அதுவும் அவள் நேர்ந்த பொங்கலுக்கு முன்னால். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த அம்மா பானையை இறக்கிக்கொண்டு கோயிலைப் பார்த்துப் போனதும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கம்ப்யூட்டர், ஒன்பதரை மணி, வாட்ச்மேன் பெட்டி, நான் அழித்த மெசேஜ், எல்லாம்.

அறைவான் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப அவ சரியாத்தான் ஊதுனாளா?”

“சரியாத்தாண்ணே ஊதுனாக. ஒருநாள்கூடத் தப்பல.”

“அய்யோ, அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னனே” என்றான். எழுந்தான். தோளில் கிடந்த துண்டு மணலில் விழுந்ததைக்கூடப் பார்க்காமல் கூட்டத்துக்குள் ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். கோயில் வாசலில் அந்த அம்மாவைப் பிடித்துவிட்டான். அவள் பானையும் கையுமாகத் திகைத்து நின்றாள்.

“தாயி, நான் சொன்னது தப்பு. எம்பொண்டாட்டி சரியாத்தான் ஊதியிருக்கா. அவ மேல ஒரு குத்தமும் இல்ல” என்றான்.

யார் மேல் குற்றம் என்று அந்த அம்மா கேட்டாள். “அவ மேல இல்ல தாயி” என்று அண்ணன் மறுபடியும் அதையே சொன்னான். நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.