அடித்துவிட்ட எண்

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் கடிகாரக்கா. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை போட்ட நோட்டு, காதிடுக்கில் பென்சில். ஒரு காலரைத் திருப்பித் தைக்க எத்தனை விநாடி, ஒரு பொத்தான் துளைக்கு எத்தனை விநாடி என்று தையல்காரிகளின் முதுகுக்குப் பின்னால் நின்று அளப்பது வேலை. பதினெட்டு வருடமாக அளக்கிறாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயாடிகளும் வாயைச் சேர்த்துத் தைத்துக்கொள்வார்கள்.

"எமன் வராண்டி, கயித்தைக் கழுத்துலயே மாட்டிக்கிட்டு" என்பாள் ஒருத்தி.

"எமன் பென்சில் வெச்சிருக்க மாட்டான். பேசாம தை" என்பாள் இவள், முகம் மாறாமல்.

நியாயக்காரி என்று பெயர் வாங்கியவள். பத்துத் தடவை அளப்பாள். யாராவது வீம்புக்கு வேகம் காட்டியிருந்தால் அந்த எண்ணை அடித்துவிடுவாள். ஒருத்தி பறந்ததற்காக முப்பது பேரை ஓடவிடக் கூடாது. நூல் அறுந்து நேரம் இழுத்திருந்தால் அதையும் அடிப்பாள். "தனியா நிக்கற நம்பர் பொய் சொல்லும்" என்பது அவள் கண்டுபிடித்த ஒரே தத்துவம். மேலாளர்கள் மாறினார்கள், தத்துவம் மாறவில்லை.

வயது நாற்பத்திரண்டு. கல்யாணப் பேச்சு வீட்டுக்கு வந்து வந்து, கடைசியில் அதுவே களைத்துப் போய் வருவதை நிறுத்திக்கொண்டது. அவளும் தேடவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பஸ் ஓட்டும் தம்பி, அவன் மனைவி, நாலு வயதில் ஒரு பெண். குரலைத் தாழ்த்தவே தெரியாத அவளுக்கு மைக்செட் என்று பெயர். பத்து வாரத்துக்கு முன் இன்னொருத்தியும் வந்து சேர்ந்தாள். துணியில் சுற்றிப் பார்த்தால் உருண்டையாக இருந்ததால் அவள் பட்டாணி. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கை கழுவி, பட்டாணியை மார்பில் சாய்த்துக்கொள்ளும் முன், கழுத்திலிருக்கும் ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். அந்த நேரத்துக்கு அளவு கிடையாது.

மைக்செட்தான் நர்சரியிலிருந்து ஜலதோஷத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து குதித்தாள். இடையில் தங்கச்சிக்கு எத்தனை முத்தம் கொடுத்தாள் என்று யாரும் எண்ணவில்லை. அப்புறம் பட்டாணிக்கு மூக்கடைத்தது, இருமல் வந்தது.

"பெரியவளுக்கு இது வெறும் ஜலதோஷம்" என்றார் தெருமுனை க்ளினிக் டாக்டரம்மா. "இவளுக்கு அப்படி இல்ல. மூச்சுக்குழாய் நூல் மாதிரி. அதே வைரஸ் அங்க போய் வீங்க வெச்சா, மூச்சு விடறதே பெரிய உழைப்பாயிடும். மூணாம் நாள்லேர்ந்து அஞ்சாம் நாள் வரைக்கும்தான் இது உக்கிரமா இருக்கும். தூங்கறப்போ முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. அம்பதைத் தாண்டினாலோ, விலா உள்ள இழுத்தாலோ, வழக்கமா குடிக்கறதுல பாதிகூடக் குடிக்கலன்னாலோ, யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். சரியா எண்ணுவீங்களா?"

"டாக்டர், எங்கக்கா எண்ணாதது என் தலைமுடி ஒண்ணுதான்" என்றான் தம்பி.

"இருந்தாத்தானே எண்ண" என்றாள் அக்கா.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி பஸ்ஸோடு போயிருந்தான். காலை எட்டு மணிக்கு எண்ணினாள்: நாற்பத்தாறு. பத்து மணிக்கு நாற்பத்தேழு. பன்னிரண்டுக்கு அறுபத்தொன்று. பென்சில் ஒரு கணம் நின்றது. குழந்தை அசைந்திருப்பாள், கனவு கண்டிருப்பாள். பதினெட்டு வருடப் பழக்கம் கையில் இருந்தது. கை போய் அறுபத்தொன்றை அடித்துவிட்டது. சராசரி நாற்பத்தாறரை என்று கீழே எழுதிக் கோடிட்டாள். ஐம்பதுக்குள்தான். நிம்மதியாகத் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

ஒரு மணி வாக்கில் தம்பி மனைவி வந்து நின்றாள்.

"அண்ணி, ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுட்டா. காலையிலயும் இப்படித்தான்."

"மூக்கடைப்பு இருக்குல்ல. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு, பாரு."

அவள் நோட்டை எடுத்துப் பார்த்தாள். "இது ஏன் அடிச்சிருக்கு?"

"அது கணக்குல வராது. தனியா நிக்குது."

"அங்க நூல் அறும், ஊசி உடையும், அடிக்கறீங்க. சரி. இங்க என்ன அண்ணி அறுந்துச்சு?"

கடிகாரக்கா எழுந்து போய்ப் பட்டாணியின் சட்டையை மேலே தூக்கினாள். எண்ணுவதற்கு அதுவரை துணி ஏறி இறங்குவதைத்தான் பார்த்திருந்தாள். உள்ளே, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்து எழுந்தது. மூக்கு ஓரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு நெஞ்சு, மாடிப்படி ஏறும் ஆள்போல உழைத்துக்கொண்டிருந்தது.

"வண்டி கூப்பிடு" என்றாள். அவள் குரலா அது என்று மைக்செட்கூட வாயை மூடிக்கொண்டாள்.

மைக்செட்டை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கப் பட்டாணியின் விரலில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டினார்கள். மூக்கில் நூல்போல ஒரு குழாய் வழியாக ஆக்ஸிஜன், இன்னொன்று வழியாகப் பால். ஊசி மருந்து இல்லையா என்று கேட்டாள் கடிகாரக்கா.

"இதைக் கொல்ற மருந்து எங்ககிட்ட இல்லம்மா" என்றார் வார்டு டாக்டர். "ஆன்டிபயாடிக் வைரஸ்கிட்ட வேலைக்காகாது. காத்தும் பாலும் குடுத்து, இவ ஜெயிக்கற வரைக்கும் பக்கத்துல நிப்போம். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க."

"நான் கொண்டுவரல. இவதான்" என்றாள், தம்பி மனைவியைக் காட்டி. "நான் நம்பரை அடிச்சிட்டேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. புரிந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. நீங்க எழுதி வெச்சதாலதான் நான் பார்த்தேன்."

நாலு நாள் இருந்தார்கள். இரண்டாம் நாள் வரை எண்கள் இறங்க மறுத்தன. மூன்றாம் நாள் ஐம்பத்திரண்டு, அப்புறம் நாற்பத்தைந்து. அன்று மாலை பட்டாணி குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாலுக்குக் கத்தினாள். "அக்காவோட தொண்டை இவளுக்கும் வந்திருக்கு" என்று தம்பி மனைவி சிரித்தாள். அந்தக் கத்தலை அத்தை ஒரு கச்சேரிபோல உட்கார்ந்து கேட்டாள்.

இப்போது வீட்டில் புதுச் சட்டம். வெளியிலிருந்து யார் வந்தாலும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவவேண்டும். சளி பிடித்தவர்களுக்குப் பட்டாணி இருக்கும் அறையில் இடமில்லை. ஸ்டாப்வாட்ச் மைக்செட்டின் கையில்.

"அப்பா! இன்னும் எட்டு இருக்கு!"

"டிப்போவுலகூட இந்தக் கண்டிப்பு இல்லடி."

தொழிற்சாலையிலும் ஒரு மாற்றம். தனியாக ஓர் எண் நின்றால், பென்சில் உடனே பாய்வதில்லை. குனிந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் நூல்தான். அடித்துவிடுகிறாள். ஒருநாள் ஒருத்தி, "கை மரத்துப் போகுதுக்கா, ஒரு வாரமா" என்றாள். அதை அடிக்கவில்லை, அவளை எழுப்பி மருத்துவ அறைக்கு அனுப்பினாள்.

"எமன் விசாரிக்கவும் ஆரம்பிச்சிட்டாண்டி" என்றது பின்வரிசை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டாணி தூங்குகையில் சட்டையை மேலே தூக்கி எண்ணுகிறாள். தேவையில்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அதற்குள் குழந்தை தூக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்துவிடுகிறாள், எண்ணிக்கை விட்டுப்போகிறது. அத்தை திரும்ப ஆரம்பிப்பதில்லை. சட்டையை இறக்கிவிட்டு, அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.