காற்றடிக்கிற ஆளுக்கும் ஒரு கண்ணாடி

போன சனிக்கிழமை, ஐம்பது வயது மனிதர் ஒருவர் நூலக மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே மூழ்கப் பார்த்தார். சுற்றிவர ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணால் கண்ட சாட்சி நான். சொன்னால் நம்புவீர்களா?

நம்புங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து கணினி ஆசிரியை றிஸானா வந்திருந்தார். கையில் இரண்டு வி.ஆர். கண்ணாடிகள். மூக்குக் கண்ணாடி இல்லை — முகத்தில் பாதியை மூடுகிற கறுப்புப் பெட்டி. போட்டால் மண்டபம் மறைந்துபோகும். வேறோர் உலகம் வரும். பழைய கண்டுபிடிப்புகளைப் பிள்ளைகள் படத்தில் பார்த்தால் போதாது, தாங்களே இயக்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் மாதக்கணக்கில் இருந்து செய்த வேலை. எனக்கு நீராவி இயந்திரம் தந்தார். கரி அள்ளிப் போடச் சொன்னார். இரண்டு தரம் அள்ளிப் போட்டேன்... பெரிய சக்கரம் ஒன்று என் மூக்குக்கு நேரே சுழன்றது. பின்னால் பாய்ந்து புத்தக அலுமாரியோடு மோதிக்கொண்டேன். வாராவாரம் வாசிக்கிற உங்களுக்கு என் வீரம் தெரியாததா?

அடுத்ததுதான் விசேஷம். அந்தக் காலத்தில் கடலுக்கடியில் இறங்கிய சுழியோடிகள் போட்ட செம்புத் தொப்பி. பானையைக் கவிழ்த்த மாதிரி தலையை முழுக்க மூடும். முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்குள் மூச்சு எங்கிருந்து வரும்? மேலே வள்ளத்தில் ஒருவர் நின்று கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். குழாய் வழியே அது கீழே போகும். கூடவே ஒரு கயிறும் உண்டு. கீழே இருப்பவர் அதை இழுத்தால், அதுதான் மேலே இருப்பவருக்குச் செய்தி.

இதற்கு மட்டும் றிஸானா இரண்டு கண்ணாடிகளையும் இணைத்திருந்தார். ஒன்றைப் போட்டால் நீங்கள் கடலுக்கடியில். மற்றதைப் போட்டால் வள்ளத்தில் — பம்பும் கயிறும் நீர்க்குமிழியும்தான் தெரியும். மேலே இருப்பவர் பம்பை நிறுத்தினால் கீழே இருப்பவருக்கு எல்லாம் மெல்ல மெல்ல இருளும்.

"எல்லாரும் கடலைப் பாக்கத்தானே வருவினம்? பம்ப் அடிக்கிறதுக்கு ஏன் மிஸ் ஒரு கண்ணாடியை வீணாக்கினீங்கள்?" என்று கேட்டேன்.

"அந்த ஆள் இல்லாட்டி தொப்பி வெறும் சட்டிதானே அக்கா," என்றார்.

இனி சுகந்தியிடம் வருகிறேன். நூலகத்தில் வேலை செய்பவள், என் சிநேகிதி, சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்துக்காரி. கணவர் தவராசா சங்கு குளிப்பவர். இப்போது செம்புத் தொப்பியெல்லாம் கிடையாது, முதுகில் சிலிண்டர். ஆனாலும் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் மச்சானை நிற்பாட்டுவது அவர்கள் வழக்கம். ஏனென்று கேட்கவும் வேண்டுமா? தன் அக்காவின் தாலியில் அவனைவிட யாருக்கு அக்கறை?

பதினைந்து வருடமாகக் கயிற்றைப் பிடித்தவன் சுகந்தியின் தம்பி யோகன். போன வருடம் சுகந்தியின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு வந்தது. தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். யோகனின் மோட்டார் சைக்கிளோ பாதி வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று தவராசா வேறொரு மாமன்முறைக்காரரைக் கொண்டு வார்ப்பித்துவிட்டார். யோகன் வந்து சேர்ந்தபோது பிள்ளை தலை நனைந்து நிற்கிறாள். வாசலோடு திரும்பிப் போனவன், போனவன்தான்.

அதற்குப் பிறகு கயிற்றில் நாளுக்கொரு ஆள். போன மாதம் நின்றவன் போனில் கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். கீழே இவர் இழுத்த இழுப்பு அவனுக்குப் படவே இல்லை. தவராசா மூக்கால் இரத்தம் வர ஏறி வந்தார்.

"ரெண்டு பேருக்கும் ரோசம் அக்கா," என்று சுகந்தி என் முன்னால் இருந்து அழுதாள். "இவர் கடலில இருந்து வருமட்டும் நான் கண் மூடுறேல்லை. ஒருநாள் வராமல் விட்டிடுவார். அவையளுக்கென்ன... தாலி என்ரயெல்லோ?"

எனவே சனிக்கிழமைத் திட்டம் அவளுடையது. கூட்டுக் களவாணி நான்.

கடல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கடல் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று சொல்லி, தவராசாவை அலுமாரி வரிசைக்கு அந்தப் பக்கம் இருத்திக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள். அதன் பிறகு யோகனை நான் கூட்டி வந்து இந்தப் பக்கம் நிற்பாட்டினேன். மறுபக்கம் யாரென்று இருவருக்கும் தெரியாது. ஒரு விளையாட்டு விளையாடட்டும், பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கதைக்க வைப்போம் — இவ்வளவுதான் எங்கள் புத்தி.

விளையாட்டு தொடங்கியது. யோகன் என்ன செய்தான் தெரியுமா? பம்பைத் தொடவே இல்லை! சிலிண்டர் காலத்து ஆள் அல்லவா... அவனுக்குத் தெரிந்த வேலை கயிறுதான். கயிற்றுக்குப் பதில் கையில் தந்த கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, குமிழியையே பார்த்துக்கொண்டு கல்லுப்போல நின்றான்.

"பம்ப்! பம்பை அடியுங்கோ!" என்று றிஸானா கத்துகிறார். அவன் காதில் விழுந்தால்தானே?

அந்தப் பக்கம் தவராசாவுக்கு இருட்டத் தொடங்கியது. கதிரையில் நெளிந்தார். கழுத்தைத் தடவினார். புத்தகக் கணக்குப்படி, தூக்கச் சொல்வதென்றால் நாலு தரம் ஒரே சீராக இழுக்க வேண்டும். தொடங்குமுன் றிஸானா அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பயத்தில் எந்தக் கணக்கு ஞாபகம் வரும்? ஒன்று இழுத்தார். கொஞ்சம் விட்டு, இரண்டு சேர்த்து இழுத்தார்.

றிஸானாவின் கணினியில் ஒரு வரி வந்தது: 'செய்தி விளங்கவில்லை.'

யோகனுக்கு விளங்கியது. கன்ட்ரோலரில் வந்த அந்த அதிர்வு, பதினைந்து வருடமாக அவன் கைக்குப் பழகிய இழுப்பு. கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். "ஐயோ, அத்தான்!" என்று ஒரு கத்தல். அலுமாரியைச் சுற்றி ஓடி, தவராசாவின் இரண்டு கக்கத்துக்குள்ளும் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினான். கதிரை விழுந்தது.

தவராசா முகத்துப் பெட்டியைக் கழற்றவில்லை. யாரென்றும் கேட்கவில்லை.

"காத்தடிக்கிறதை ஏனடா விட்டனீ?" என்றார்.

"பம்ப் எனக்கென்னண்டு தெரியும்? நான் கயித்தையெல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டனான்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. தவராசா பெட்டியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"அண்டைக்கு நான் அவசரப்பட்டிட்டன் யோகன். பிழை என்னில."

"அதை விடுங்கோ அத்தான்." யோகன் நிலத்தைப் பார்த்தான். "திங்கக்கிழமை எத்தினை மணிக்கு இறங்கிறியள்?"

சுகந்தி அழுதாள். நானும்தான், ஒளிப்பானேன்? எறிபட்ட கண்ணாடியில் ஒரு கீறல். றிஸானா அதைப் பார்க்கக்கூட இல்லை. 'ஒன்று, விட்டு இரண்டு' என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். எத்தனை சொந்தக்காரர்கள் சமாதானம் பேசிப் பார்த்தார்கள்! ஒருவருக்கும் ஏலாததை, நூற்றாண்டு பழைய செம்புச் சட்டி ஒன்று அரை நிமிடத்தில் செய்துவிட்டது.

படங்களில் எப்போதும் தொப்பி போட்டவர்தான் நிற்கிறார். காற்றடித்தவரை எங்கே கண்டீர்கள்? இந்தப் பத்தியிலும் என் படத்தைத்தான் போடுகிறார்கள். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறவரை உங்களுக்குத் தெரியுமா? எழுதுகிற நாளில் என்னைக் குசினிப் பக்கம் வரவிடாமல் தானே சமைக்கிற என் கணவரை? இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமையே நன்றி சொல்லிவிட்டேன். திருத்துகிறவர் வெட்கப்பட்டார். கணவர், "உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. பத்து மணிக்குச் சுகந்திக்குப் போன் எடுத்தேன். மூன்று தரம் அடித்தும் பதில் இல்லை. பதினொன்றரைக்கு அவளே எடுத்தாள். குரல் தடித்திருந்தது.

"என்னடி, என்ன நடந்தது? அவை வந்திட்டினமோ?"

"இல்லை அக்கா, ரெண்டு பேரும் இன்னும் கடலிலதான். நான்... நித்திரையாப் போனன்."